கடலூரின் தெற்கு வானில் ஒரு பட்டைச் சுருள்

தை மாதத்தில் இரவு எட்டு மணிவாக்கில் கடலூர்க் கடற்கரையில் தெற்குப் பார்த்து நின்றால், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். இடது கைப் பக்கம் இருப்பது அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ். வலது கைப் பக்கம் இருப்பது அக்கர்னார். பொங்கல் முடிந்த கையோடு பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட திசையில் இன்னும் மேலே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி தூரம் வரை கண்ணை உயர்த்தினால், அங்கே பெரிதாக எதுவும் இருக்காது. மங்கலான சில நட்சத்திரங்கள், அவ்வளவுதான். ஃபார்னாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த வெறிச்சோடிய மூலையில்தான் என்ஜிசி 1365 என்ற கேலக்ஸி இருக்கிறது. நடுவில் நீண்ட ஒரு பட்டை, அந்தப் பட்டையின் இரு முனைகளிலிருந்தும் விரிந்து வளையும் இரண்டு கைகள். வானியலாளர்கள் இதைப் பெரும் பட்டைச் சுருள் கேலக்ஸி என்றே சொல்கிறார்கள்.

இந்தக் கேலக்ஸியின் மேல் எனக்குப் பல வருடப் பிரியம். அழகான படங்கள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பட்டை. படத்தில் பார்க்கும்போது அது ஒரு அலங்காரக் கோடாகத்தான் தோன்றும். உண்மையில் அந்தக் கேலக்ஸியில் எங்கே நட்சத்திரம் பிறக்க வேண்டும், எந்த வாயு உள்ளே போக வேண்டும், நடுவில் இருக்கும் கருந்துளைக்கு இரை கிடைக்குமா என்பதையெல்லாம் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அதுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் ஊருக்கு நன்றாகக் கிடைக்கும் கேலக்ஸி.

முதலில் அதை முடித்துவிடுகிறேன். வானத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 36 டிகிரியில் இருக்கிறது இது. கடலூர், புதுச்சேரி இரண்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பதால், இங்கே அது தெற்கில் 42 டிகிரி உயரம் வரை ஏறும். டெல்லியில் 25 டிகிரிதான். பாரிஸில் வெறும் 5 டிகிரி. வீட்டுக் கூரைகளுக்கும் மூடுபனிக்கும் நடுவில் அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே போட்ட, மங்கலான வான்பொருட்களின் புகழ்பெற்ற பட்டியலில் இந்தக் கேலக்ஸி இடம்பெறாததற்கு இதுவே போதுமான காரணம். அவர் பார்த்தது பாரிஸ் வானம். அந்தப் பட்டியலில் உள்ளவற்றிலேயே அதிகம் தெற்கே இருக்கும் எம்7 நட்சத்திரக் கொத்துகூட 35 டிகிரியைத் தாண்டவில்லை. இன்றும் வானம் பார்க்கக் கற்றுத் தரும் புத்தகங்களில் பெரும்பாலானவை மெஸ்ஸியே பட்டியலை வைத்தே பாடம் நடத்துகின்றன. நம் பிள்ளைகளும் வடக்கு வானத்தின் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நம் தெற்கு அடிவானம் பாரிஸ்காரர்களுக்குக் கிடைக்காத சொத்து என்பதை யாராவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில் வானாய்வுக்கூடம் அமைக்கக் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தபோது, வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது அந்த இடத்தின் பெரிய பலம். அவர் பெயரில் இன்று அங்கே இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்பது ஏறக்குறைய நம் அட்சரேகையில்தான்.

பாரிஸ் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு லெ ஜென்டில் நினைவுக்கு வராமல் இருக்காது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறிய வானியலாளர். 1761ல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடல் நடுவே, ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததை வைத்து அவரால் எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காகக் காத்திருந்து, 1768ல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மிச்சத்தில் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. அவர் கதையைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தவை வேறு இரண்டு. ஒன்று, இங்கே இருந்த காலத்தில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதம் தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து, சோழிகளை நகர்த்தி மனப்பாடச் சூத்திரங்களால் கிரகணம் கணிக்கும் முறையைப் படித்து, அதை மதிப்போடு எழுதி வைத்தார். இன்னொன்று, 1749லேயே, தன் இருபதுகளில், ஆண்ட்ரோமெடாவின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டிக் கேலக்ஸியைக் கண்டுபிடித்தவர் அவர். இன்று அதை எம்32 என்கிறோம். கேலக்ஸி என்றால் என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம் அது. அப்படிப்பட்ட ஒருவர் புதுச்சேரியில் இருந்த இரண்டு குளிர்காலங்களிலும், என்ஜிசி 1365 கிட்டத்தட்ட இதே உயரத்தில் அவருடைய தெற்கு வானத்தைக் கடந்து போயிருக்கிறது.

அது பதிவானது 1826ல். ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப் என்பவர், ஒன்பது அங்குலத் தொலைநோக்கியில் தெற்கு வானத்தைத் துழாவியபோது இது சிக்கியது. அவருக்கு அது ஒரு மங்கலான திட்டு மட்டுமே.

எனக்கும் என் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் முதலில் தெரிவது அந்தத் திட்டுதான். இதைப் பார்க்க நான் வழக்கமாகப் போவது கடலூருக்குத் தெற்கே, சாமியார்பேட்டைப் பக்கம். ஊருக்குள்ளேயே தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. ஆனால் அங்கிருந்து தெற்கே பார்த்தால் முதுநகரும் சிப்காட்டும் சேர்ந்து வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடுகின்றன. சாமியார்பேட்டையைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு ஓரம் போய்விட்டால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தெற்கே பிச்சாவரம் பக்கம் இருட்டு. பிரச்சினை பனிதான். தை மாதப் பனி கண்ணருகு லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். துண்டால் துடைக்கக் கூடாது, ஊதவும் கூடாது. சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கி எடுக்க வேண்டும். கடல் காற்றில் உப்பு வேறு. கண்ணாடியை வீட்டுக்கு வந்ததும் கவனிக்காவிட்டால் அதன் பூச்சு சீக்கிரம் கெட்டுவிடும்.

இவ்வளவையும் சமாளித்துப் பார்த்தால் என்ன தெரியும்? நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அதைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு மங்கல். கண் இருட்டுக்கு நன்றாகப் பழகிய பிறகு, அந்த மங்கல் ஒரு திசையில் மட்டும் நீண்டிருப்பது பிடிபடும். அதுதான் பட்டை. மிக நல்ல இரவில் அதன் ஒரு முனையிலிருந்து கை ஒன்று வடக்குப் பக்கம் திரும்புவதாகத் தோன்றும். போன வருடம் அக்கா மகள் கூட வந்திருந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, நேரா பாத்தா காணாமப் போயிடுது, வேற எங்கயாவது பாத்தா திரும்ப வருது" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தருவதற்கு முன்பே அவளாகக் கண்டுபிடித்துவிட்டாள். விழித்திரையின் நடுப்பகுதியில் நிறம் பார்க்கும் செல்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. மங்கல் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. அதனால் மங்கலானதை நேராகப் பார்த்தால் தப்பிவிடும்.

இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. தொலைநோக்கிக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தைக் காட்டக் கூடாது. படம் மனதில் இருந்தால் கண் ஏமாந்து போகும். முதலில் அந்தத் திட்டைப் பார்க்கட்டும், அது நீண்டிருப்பதை அவர்களாகவே உணரட்டும். அதற்குப் பிறகு படத்தைக் காட்டினால், "ஓ, அந்த நீளம் இதுதானா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

சரி, பட்டைக்கு வருவோம்.

சுருள் கேலக்ஸி என்பது பெரும்பாலும் ஒரு தட்டு. கோடிக்கணக்கான நட்சத்திரங்களும் வாயுவும் தூசும் ஒரே திசையில் நடுவைச் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு. எல்லாமே கிட்டத்தட்ட வட்டப் பாதையில் சுற்றினால், பட்டை எங்கிருந்து வருகிறது? வட்டம் என்பது நிலையான ஏற்பாடு அல்ல என்பதுதான் விடை. சில நட்சத்திரங்களின் பாதை கொஞ்சம் நீண்டு, அந்த நீளங்கள் தற்செயலாக ஒரே பக்கம் திரும்பிவிட்டால், அவற்றின் கூட்டு ஈர்ப்பு பக்கத்துப் பாதைகளையும் அதே பக்கம் இழுக்கும். இழுபட்டவை சேர்ந்து இன்னும் பலவற்றை இழுக்கும். கடைசியில் நடுப்பகுதி முழுவதும் நீண்ட பாதைகளின் கட்டாக மாறிவிடும். 1973ல் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் கணினியில் ஒரு தட்டை உருவாக்கிச் சுழலவிட்டபோது, அது வெகு சீக்கிரமே பட்டையாகிவிட்டது. தட்டை அப்படிக் குலையாமல் காப்பாற்ற, அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெரிய நிறை வேண்டியிருந்தது. இருண்ட பொருள் இருக்கிறது என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்த வேலைகளில் அதுவும் ஒன்று. அதே பீபிள்ஸுக்குத்தான் பின்னால், 2019ல், நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப் பிறந்த பட்டை, தன் உருவம் கலையாமல் மொத்தமாகச் சுழல்கிறது. என்ஜிசி 1365ன் பட்டை ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய 35 கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் நட்சத்திரங்கள் அதைவிட வேகமாக, தங்கள் நீண்ட பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளித்தட்டில் இருப்பவை பட்டையைவிட மெதுவாகப் போகின்றன. பானைத் தயிருக்குள் இறங்கிய மத்து மாதிரி, சுழலும் பட்டை தன்னைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் கலக்குகிறது. நட்சத்திரங்களுக்குப் பாதைதான் மாறும். அவை ஒன்றிலிருந்து ஒன்று அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, மோதிக்கொள்வதே இல்லை என்று சொல்லலாம். வாயுவின் கதை வேறு. வாயு மேகங்கள் விரிந்தவை, குறுக்கே வந்தால் மோதியே ஆக வேண்டும்.

அந்த மோதல் நடக்கும் இடத்தைப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டலாம். பட்டையின் இரண்டு அரைகளிலும், சுழலும் திசையில் முன்னால் இருக்கும் விளிம்பை ஒட்டி, நேர்கோடாக ஒரு கறுப்புத் தூசிப் பாதை ஓடும். வேகமாக வரும் வாயு அங்கே திடீரென்று அடிபட்டு, நெருங்கி, வேகத்தை இழக்கிறது. சுற்றும் வேகத்தை இழந்த எதுவும் நடுவை நோக்கித்தான் விழ வேண்டும். அதனால் அந்தக் கறுப்புக் கோடுகள் இரண்டும் வெறும் நிழல்கள் அல்ல. வெளித்தட்டின் வாயு கேலக்ஸியின் மையத்துக்கு இறங்கி வரும் வாய்க்கால்கள் அவை. என்ஜிசி 1365 படங்களில் நான் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். கைகளின் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

இறங்கி வரும் வாயு நேராக நடுப்புள்ளிக்குப் போய் விழுவதில்லை. வழியில் ஓரிடத்தில் அதன் சுற்றலுக்கும் பட்டையின் சுற்றலுக்கும் ஒரு தாள ஒற்றுமை ஏற்பட்டு, அங்கே வளையமாகக் குவிகிறது. இதற்கு உள் லின்ட்பிளாட் ஒத்திசைவு என்று பெயர். ஸ்வீடன் வானியலாளர் பெர்டில் லின்ட்பிளாட் வகுத்த கணக்கு அது. அவருடைய மகன் பெர் ஓலோஃப் லின்ட்பிளாட் நீண்ட காலம் என்ஜிசி 1365ஐயே ஆராய்ந்து, 1999ல் இந்த ஒரு கேலக்ஸியைப் பற்றி மட்டும் விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்றை எழுதினார். அப்பா போட்ட கணக்குக்கு மகன் வானத்தில் உதாரணம் தேடிக் காட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

அந்த வளையத்தில் நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. ஆனால் அங்கே தூசு அதிகம் என்பதால் சாதாரண ஒளியில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்த பிறகுதான் அதன் உள்ளே இருப்பது தெளிவாக வெளிப்பட்டது. பிறந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகாத, ஒவ்வொன்றும் பத்து லட்சம் சூரியன்களின் நிறைக்கு மேல் கொண்ட கொத்துகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பால்வெளியில் இப்படி இவ்வளவு இளமையாகவும் இவ்வளவு கனமாகவும் கொத்துகள் கிடையாது. வெளியிலிருந்து வாயுவைக் கொண்டுவந்து கொட்டும் பட்டை இல்லாவிட்டால் அங்கே இத்தனைக்கும் சரக்கு இருந்திருக்காது.

அதற்கும் உள்ளே கருந்துளை. சூரியனைப் போல 20 லட்சம் மடங்கு நிறை. பெரிய கேலக்ஸிகளில் இது ஒன்றும் பிரமாதமான எடை இல்லை. ஆனால் அது சும்மா இருப்பதில்லை, வாயுவை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் மையம் எக்ஸ் கதிரில் பளிச்சென்று ஒளிர்கிறது. 2006 ஏப்ரலில் சந்திரா தொலைநோக்கி இதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒளி மறைந்து சில நாட்களுக்குள் திரும்ப வந்தது. அடர்த்தியான ஒரு வாயு மேகம் குறுக்கே போயிருக்கிறது. ஒரு கிரகணம்தான். எவ்வளவு நேரம் மறைந்தது என்பதிலிருந்து, அந்த ஒளி வரும் இடத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல ஏழு மடங்குதான். இரண்டு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள ஒரு கேலக்ஸியின் நடுவில், நம் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே அடங்கிவிடும் ஒரு பொருளை, நிழல் விழுந்த நேரத்தை வைத்தே அளந்துவிட்டார்கள். சோழி வைத்துக் கிரகணம் கணித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அளவையின் அருமை உடனே புரிந்திருக்கும்.

2012ல் நியூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளும் ஒரே சமயத்தில் இதைப் பார்த்தன. கருந்துளைக்கு அருகே உள்ள இரும்பு அணுக்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர், கோடாக இல்லாமல் பரந்து விரிந்து வந்தது. அதற்கு இரண்டு விளக்கங்கள் இருந்தன. இடையில் உள்ள மேகங்கள் ஒளியைச் சிதைக்கின்றன என்பது ஒன்று. கருந்துளை மிக வேகமாகச் சுழல்வதால் வாயு அதற்கு மிக நெருக்கத்தில் சுற்றுகிறது, அங்குள்ள ஈர்ப்பு கதிரை இழுத்துச் சிதைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டு கருவிகளும் சேர்ந்து மொத்த எக்ஸ் கதிர் வீச்சையும் அளந்ததால் இரண்டாவது விளக்கமே நின்றது. ஐன்ஸ்டீன் கோட்பாடு அனுமதிக்கும் உச்ச வேகத்துக்கு நெருக்கமாக அது சுழல்கிறது. 2013 பிப்ரவரியில் முடிவு வெளியானது. கருந்துளைக்கு இந்த வேகம் வந்தது எப்படி? தாறுமாறாக வந்து விழுந்தால் ஒன்றின் சுழற்சியை இன்னொன்று கெடுத்துவிடும். ஒழுங்காக ஒரே திசையில் இரை வந்துகொண்டிருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். பட்டை வாயுவை வளையம் வரைதான் கொண்டுவருகிறது. அங்கிருந்து கருந்துளை வரையான கடைசிப் பாதையை வேறு வழிமுறைகள் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் வீட்டு வாசல் வரை சரக்கைச் சேர்ப்பது பட்டைதான்.

தூரத்தைப் பற்றிக் கொஞ்சம். ஃபார்னாக்ஸ் கேலக்ஸிக் கூட்டத்தின் உறுப்பினர் இது. ஒளி ஏறி இறங்கும் செஃபீடு நட்சத்திரங்களை ஹப்பிள் இதில் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டு 1999ல் தூரத்தை அறிவித்தார்கள். சுமார் 6 கோடி ஒளியாண்டு. அந்த ஒளி கிளம்பியபோது டைனோசர்கள் அழிந்து சில லட்சம் தலைமுறைகள் ஆகியிருந்தன. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு முழுதாக முட்டவில்லை, இமயமலை எழவில்லை. இங்கே பக்கத்தில் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வயது 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அந்த மரங்கள் வேரோடு சாய்ந்து மண்ணில் புதைந்த காலத்தில், இன்று என் கண்ணில் விழும் இந்த ஒளி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைக் கடந்து முடித்திருந்தது.

இதிலிருந்து இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது. பட்டை ஒரு சுற்றுக்கு 35 கோடி ஆண்டு எடுக்கிறது. நாம் பார்ப்பது 6 கோடி ஆண்டுக்கு முந்தைய நிலை. அப்படியென்றால், இந்த நேரத்தில் அந்தப் பட்டை நாம் பார்க்கும் நிலையிலிருந்து ஏறக்குறைய 60 டிகிரி திரும்பியிருக்க வேண்டும், ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு. சாமியார்பேட்டையில் நான் ஓரக்கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கும் அந்த நீளம், இன்றைய தேதியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பட்டைகள் அபூர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1918லேயே ஹீபர் கர்டிஸ் என்பவர் படங்களில் இவற்றைக் கவனித்துத் தனி இனமாகப் பிரித்தார். 1926ல் எட்வின் ஹப்பிள் கேலக்ஸிகளை வகைப்படுத்தியபோது, பட்டை இல்லாத சுருள்களுக்கு ஒரு கிளை, பட்டை உள்ளவற்றுக்கு ஒரு கிளை என்று சரிசமமாகப் போட்டார். இன்று அகச்சிவப்பில் எண்ணிப் பார்த்தால், நமக்குப் பக்கத்தில் உள்ள சுருள் கேலக்ஸிகளில் சுமார் மூன்றில் இரண்டில் ஏதோ ஒரு பட்டை இருக்கிறது. நம் பால்வெளியிலும் இருக்கிறது. 1964ல் ஜெரார் த வோக்குலேர் இதை முன்வைத்தார். வாயு ஓடும் வேகங்களை வைத்து அவர் சொன்னதற்கு, 1990களில் அகச்சிவப்பு அளவைகள் உறுதியான சான்று தந்தன. ஆனி, ஆடி மாத இரவுகளில் தெற்கே தனுசு ராசிப் பக்கம் பால்வெளி தடித்துத் தெரிகிறதே, அந்தத் திசையில்தான் நம் பட்டை இருக்கிறது. அதன் ஒரு முனை நம் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. தட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் நம்மால் அதன் உருவத்தைப் பார்க்க முடியாது. அதற்குத்தான் என்ஜிசி 1365 வேண்டியிருக்கிறது. நம்முடையதைவிட அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பட்டையும் பெரியது, மையமும் பரபரப்பானது. ஆனாலும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

பட்டைகள் எப்போது தோன்றத் தொடங்கின என்ற கேள்வியில் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் கேலக்ஸிகள் கொந்தளிப்பாக இருந்தன, தட்டு அடங்கி ஒழுங்கான பிறகுதான் பட்டை வர முடியும் என்று நம்பியிருந்தார்கள். 700 கோடி ஆண்டுகளுக்கு முன் பட்டையுள்ள சுருள்கள் வெறும் ஐந்தில் ஒன்றுதான் என்று ஹப்பிள் படங்களை வைத்து எண்ணியும் வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் வெப் வந்ததும் கணக்கு மாறியது. 2023ல் அறிவிக்கப்பட்ட சீயர்ஸ்-2112 என்ற கேலக்ஸி, பிரபஞ்சத்துக்கு 210 கோடி வயதிருக்கும்போதே பட்டையோடு இருந்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் ஒரு தட்டு அடங்கி, பட்டையும் போட்டுக்கொண்டது என்றால், கேலக்ஸிகள் வளரும் வேகத்தைப் பற்றிய பழைய எண்ணத்தையே திருத்த வேண்டும். ஆனால் அந்தக் கேலக்ஸி வெப்பின் கண்ணாடியிலும் ஒரு சிறு கறைதான். பட்டைக்குள் வாயு எப்படி ஓடுகிறது என்று அதில் பார்க்க முடியாது. அதற்கு இன்னும் பல காலம் என்ஜிசி 1365 மாதிரி அருகில் இருப்பவற்றைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு நினைவு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. பலருக்கு ஒரு தலைமுறை வருமானம் ஒரே காலையில் போனது. எங்கள் பக்கம் கரண்ட் வரவே இல்லை. பொங்கல் கழிந்து நிலா தாமதமாக எழும் நாட்கள் வந்தபோது, முன்னிரவில் ஊர் முழுக்கக் கும்மிருட்டு. ரீகல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி அக்கர்னார் வரை வளைந்து ஓடும் எரிடானஸ் நட்சத்திர மண்டலம் முழுவதையும் வெறும் கண்ணால் நான் பார்த்தது அப்போதுதான். அந்த இருட்டை யாரும் விரும்பிக் கேட்கவில்லை, நானும்தான். ஆனால் நம் தலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதும், அதைத் தெருவிளக்குகள் எவ்வளவு மறைக்கின்றன என்பதும் அந்த நாட்களில் எனக்குத் தெரிந்தது. விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் விழும்படி விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும், வானத்துக்குப் போகும் பாதி வெளிச்சம் மிச்சமாகும். புது விளக்கு போடும்போது ஊராட்சியில் இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பார்க்க விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். இந்தக் கேலக்ஸி மிக வசதியாக நிற்பது கார்த்திகை, மார்கழி இரவுகளில். ஆனால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை விடைபெற்ற பிறகு, தை மாத முன்னிரவுதான் சரியான நேரம். எரிடானஸின் தென்பகுதியில் மூன்று மங்கலான நட்சத்திரங்கள் சிறு முக்கோணமாக இருக்கும். இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து மேற்கே மெல்ல நகர்ந்தால், ஃபார்னாக்ஸின் எல்லைக்குள் கை (χ) என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் இன்னும் சிறிய மூன்று நட்சத்திரங்கள் வரும். இவற்றுக்கு பைனாகுலர் வேண்டும். அந்த மூன்றுக்கு ஒரு டிகிரி தூரம் கிழக்கே, கொஞ்சம் தெற்கே இருக்கிறது என்ஜிசி 1365. குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள். கிடைத்த பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டலாம்.

ஒரு முறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். இதில் 1957, 1983, 2001, 2012 ஆகிய ஆண்டுகளில் சூப்பர்நோவாக்கள் வெடித்திருக்கின்றன. 2012 அக்டோபரில் தெரிந்தது, உச்சத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கிக்கே எட்டும் அளவுக்குப் பிரகாசமாக இருந்தது. அதனால் பார்க்கும்போதெல்லாம் மையத்தைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன நட்சத்திரங்களை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அவை நம் பால்வெளியின் நட்சத்திரங்கள், இடம் மாறாது. அடுத்த வருடத் தாளில் புதிதாக ஒரு புள்ளி இருந்தால் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

தை அமாவாசைக்குக் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் நிறையும். அன்று இரவு நிலா இருக்காது, மழையும் பெரும்பாலும் இருக்காது. வருடத்தில் இதைவிடத் தோதான இரவு கிடைப்பது கஷ்டம். மாலை ஏழு மணிக்கு நான் சாமியார்பேட்டையில் இருப்பேன். பனிக்கு ஒரு தலைத்துண்டு, உட்காரப் பாய், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.